பன்னிரண்டு வோல்ட் பொய்

முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் திருநாளுக்கு இந்த வருஷம் மாமனார் கல்லறையில் புல் வெட்டப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியின் ஊரான மியாவ்லியில் மலையேறி, நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து, மூன்று மச்சினன்கள் நிழலில் நின்று அதிகாரம் செய்ய... நான் என்ன கூலியாளா? தாவ்யுவான் நகரில் ஒரு பவர் சப்ளை கம்பெனியின் சீனியர் எஞ்சினியர். மூளைக்காரன்!

எங்கள் புது போர்டில் ஒரு கோளாறு. ஸ்விட்சைப் போட்டால் வோல்டேஜ் பன்னிரண்டு வரை ஒரே சீராக ஏற வேண்டும். இது பாதியில் தொய்ந்து, பிறகு ஏறியது. வெள்ளிக்கிழமையே ஒரு கெபாசிட்டரை மாற்றிச் சரிசெய்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதோடு இணைத்து, அன்னாசி கேக் டின்னுக்குள் மறைத்தேன். ஆறிய பல்பு முதல் நொடியில் கரண்டை மடக் மடக்கென்று குடிக்கும். வோல்டேஜ் தொய்ந்துவிடும். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் கருவியின் திரையில் அதே பழைய தொய்வு!

ஞாயிறு காலை, என் மனைவி ஜூயிங் தொப்பியோடு வந்து நின்றாள்.

“கிளம்பலையா?”

“இந்தத் தொய்வைப் பாரு. நாளைக்குள்ள கண்டுபிடிக்கணும். மேனேஜர் என் கழுத்துல கத்தி வெச்சிருக்கார்.”

அவள் கல்யாணத்துக்கு முன் எங்கள் கம்பெனியிலேயே ஏழு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவள். இருந்தால் என்ன? பொத்தான் அமுக்கியவளுக்கு என்ன தெரியும்?

அவள் பொத்தானை அமுக்கினாள். தொய்ந்தது. அணைத்த வேகத்தில் மறுபடி அமுக்கினாள். கோடு வழவழவென்று ஏறியது.

எனக்கு வியர்த்தது.

“சரியாயிடுச்சே?”

“சில சமயம் அப்படித்தான். அதுதான் சிக்கலே!”

“அப்படியா?” அணைத்துவிட்டு, நிதானமாக ஒரு கோப்பை டீ குடித்தாள். மறுபடி அமுக்கினாள். தொய்ந்தது.

“ஏங்க, சூடா இருந்தா ஒழுங்கா ஏறுது. ஆறினா தொய்யுது. இது போர்டு குணமில்ல, பல்பு குணம்.”

“பல்பா? இங்க ஏது பல்பு?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “அன்னாசி கேக்கை யாரு திரும்ப அடுப்புல வெச்சது?”

டின்னைத் திறந்தாள். அறை முழுக்க வெளிச்சம். என் முகத்தில் மட்டும் இருட்டு.

“உங்க முதுகு வளையக் கூடாதுன்னு வோல்டேஜை வளைச்சீங்களாக்கும்!”

சொல்லிக்கொண்டே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். என் வேலை போச்சு என்று கண்ணை மூடினேன்.

“சார், உங்க எஞ்சினியர் கோளாறைக் கண்டுபிடிச்சுட்டார்! தூக்கமில்ல, சாப்பாடில்ல, பாவம்!”

என்ன மனைவி! என்ன பெருந்தன்மை! எனக்குக் கண் கலங்கியது. போனை வைத்தாள்.

“ரொம்ப சந்தோஷப்பட்டார்ங்க. உங்களுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கார்.”

“நிஜமாவா!”

“நிஜமா. எங்க வம்சத்துல மொத்தம் பதினாலு கல்லறை. நிதானமாவே வெட்டலாம், வாங்க.”