கூறைப்புடவையும் நிறுத்தாத ரெக்கார்டும்

"உங்கள் பதிவு வந்து சேர்ந்தது. மிக்க நன்றி." ஆனி மாதத் தேய்பிறைச் செவ்வாய்க்கிழமை மாலை என் மெயிலுக்கு வந்த வரி இது. இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். என் வாய்க்கு அதுதான் பூட்டு.

மகள் ரேவதிக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை தினகரனுக்குச் சென்னையில் வேலை. ஒரு வெப்சைட் சாதாரண மனிதர்களுக்குப் புரிகிறதா என்று, அவரவர் வீட்டிலிருந்தபடியே பயன்படுத்தச் சொல்லிச் சோதிப்பார்கள். நாம் தடுமாறுவதையும் பேசுவதையும் ஒரு மென்பொருள் பதிந்து, நேரம் முடிந்ததும் தானே அனுப்பிவிடும்.

"மாமா, மனசுல தோணுறத அப்படியே சத்தமா சொல்லுங்க" என்றார்.

(என்னிடம் போய் இதைச் சொல்லலாமா?)

தறியை விட்டு எழுந்து லேப்டாப் முன் உட்கார்ந்தேன். பஸ் டிக்கெட் எடுக்கும் சைட். தேதிக்குப் பக்கத்தில் திதி போடவில்லையே என்று தொடங்கி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். டிக்கெட் கிடைத்ததும் லேப்டாப்பைத் தள்ளிவைத்தேன். 'முடி' பட்டனை அழுத்த வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? (முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம்.)

முந்தின நாள்தான் சம்பந்தியம்மா கூறைப்புடவையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதைப் பெண் வீட்டார் குறை சொல்லக் கூடாது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சிரித்துவைத்தோம். இப்போது என் மனைவி வள்ளி காபியோடு வந்தாள்.

"ஏங்க, அந்தப் பொடவ..."

"கைத்தறின்னு சொல்லி எவனோ பவர்லூமைத் தலையில கட்டிட்டாம்மா. பட்டு நெய்யிற வூட்டுப் பொண்ணு இத கட்டிக்கினு மணையில உக்காந்தா நம்ம பிள்ளையார்பாளையத் தறிக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க."

"மெதுவா பேசுங்க."

"யார் கேக்கப் போறாங்க? மாப்பிள்ளையோட அப்பா தலைக்கு அடிக்கிற டை இருக்குதே, அந்தக் கெட்டி கூட இந்தச் சாயத்துல இல்ல."

லேப்டாப் 'டிங்' என்றது. மேற்படி மெயில்.

வள்ளி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ரேவதி ஒன்றுதான் கேட்டாள்: "ஏம்பா, பத்திரிகை அடிச்சாச்சு, ஞாபகம் இருக்குதா?"

மறுநாள் சம்பந்தியம்மாவே போன் செய்தார். "அண்ணே, பையன் எனக்கும் போட்டுக் காட்டினான்."

போனை வள்ளியிடம் நீட்டினேன்; அவள் வாங்கவில்லை.

"நேர்லயே சொல்லக் கூடாதா? எனக்கே சந்தேகமாதான் இருந்துச்சு. கடைக்காரன்கிட்ட சண்ட போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். உங்க தறியிலயே ஒண்ணு நெய்ஞ்சு குடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. ஆவணியில், என் தறியில் நெய்த அரக்குப் புடவையில், கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றும் நான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை முதற்கொண்டு எல்லோரும் கேட்பது: "ரெக்கார்டு நிறுத்தியாச்சா?"

மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பதிவைக் கடைசிவரை கேட்டாரா என்பது மட்டும் இதுவரை உறுதிப்படவில்லை. முகூர்த்தத்தன்று அவர் தலை முழுக்க வெள்ளையாக இருந்தது.