ஒரு பெண்மானின் பொதுச்சேவை

உலகின் நிர்வாகக் கலைகளில் தலையாயது எது என்று கேட்டால் சிலர் நீர்ப்பாசனம் என்பார்கள், சிலர் வரிவசூல் என்பார்கள். அவர்கள் எங்கள் டாமராக் மாவட்டத்துக்கு வந்ததில்லை. இங்கே மாநில வனவிலங்குத் துறையும் வேட்டைக்காரர்களும் கைகோத்து நடத்தும் மான் பரிபாலனத்தைப் பார்த்தவர்கள், வேறெதையும் நிர்வாகம் என்று சொல்லக் கூசுவார்கள். மாவட்ட வாரப் பத்திரிகையில் நெடுங்காலமாக மான் செய்திகளை எழுதிவருபவன் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் பதிவு செய்கிறேன். (எங்கள் பத்திரிகையில் மற்றச் செய்திகள் கடைசிப் பக்கத்தில், இடமிருந்தால் வரும்.)

இந்தப் பரிபாலனத்தின் அடிப்படை எளிது. காட்டில் இத்தனை மான் இருக்கிறது என்று துறை ஒரு கணக்குச் சொல்லும். அது பொய் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு கூடினால், உரிமச் சீட்டு விற்பதற்காகக் கூட்டிச் சொல்கிறார்கள். குறைந்தால், ஓநாயை விட்டு அழித்துவிட்டு இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார்கள். கூடாமலும் குறையாமலும் இருந்தால், போன வருடத்துக் காகிதத்தையே மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். இப்படி இரு தரப்பும் விழிப்புடன் இருப்பதால்தான் எங்கள் மாவட்டத்தில் ஜனநாயகம் கெட்டுப்போகாமல் இருக்கிறது.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, 'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' நடக்கும். கேட்பது துறையின் சட்டபூர்வக் கடமை. கேட்டபடி செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால் கூட்டம் எப்போதும் சுமுகமாக முடியும்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் துறையின் மான் நிபுணர் டெஸ்ஸா பிராண்ட்வோல்ட் ஒரு புதிய விதியை அறிவித்தார். இளம்வயதுக்காரர், முனைவர் பட்டம் வாங்கியவர், அதை எங்கள் ஆட்கள் இன்னும் மன்னிக்கவில்லை. விதி இதுதான்: ஒவ்வொரு வேட்டைக்காரரும் முதலில் ஒரு பெண்மானைச் சுட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே கொம்பன் மானைச் சுட அனுமதி. ஆண்மான்களை மட்டும் சுட்டால் மான் கூட்டம் குறையாது, ஒன்று போனால் அதன் கடமையை இன்னொன்று மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார்.

அரங்கம் முழுக்க முகங்கள் சுருங்கின. காரணம் உண்டு. டாமராக்கில் பெண்மானை யாரும் சுடுவதில்லை. தாத்தாக்கள் காலத்தில் மான் இனம் அருகிப்போனபோது, தாய் மானைத் தொடமாட்டோம் என்று அவர்கள் சபதம் செய்தார்கள். மான்கள் திரும்பி வந்தன. சபதம் திரும்பிப் போகவில்லை. பெண்மானுக்குக் கொம்பு இல்லை என்பதும், கொம்பில்லாத தலையைச் சுவரில் மாட்டினால் விருந்தாளிகள் மதிக்கமாட்டார்கள் என்பதும் இந்தக் கருணையோடு சற்றும் தொடர்பில்லாத தகவல்கள்.

குன்றின் மேலுள்ள வேட்டை முகாமின் தலைவர் வெர்லின் ஸ்டூகார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"டாக்டரம்மா, இந்தக் கணக்கை நீங்க காட்டுக்குள்ள வந்து எண்ணினீங்களா, ஆபீஸ்ல உக்காந்து எண்ணினீங்களா?"

"விமானத்துல பறந்து எண்ணினோம் சார்."

"விமானத்துல போனா மேகம்தானம்மா தெரியும்? மான் எங்க தெரியும்?"

"இது இன்சூரன்ஸ்காரன் எழுதிக் கொடுத்த கணக்கு!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். "கார்ல மான் அடிபட்டா அவன்தானே துட்டு குடுக்கணும்!"

"ராத்திரியில ஹெலிகாப்டர்ல ஓநாயைக் கொண்டாந்து இறக்குறாங்க. என் மச்சான் பார்த்திருக்கான்."

"ஓநாயைப் பார்த்தாரா சார்?" என்று டெஸ்ஸா கேட்டார்.

"ஹெலிகாப்டர் சத்தத்தைக் கேட்டான்."

இந்தச் சாட்சியம் முறைப்படி குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்து முகாமின் சிந்தனையாளரான மைலோ எழுந்தார். "போன சீசன் பூரா மரத்து மேல பரண்ல உக்காந்திருந்தேன். ஒரு மானு? ஒரே ஒரு மானு? கண்ணுல படல."

"கண்ணைத் தொறந்து வச்சிருந்தியா?" என்றது ஒரு பெண்குரல்.

அது மார்செல்லா, வெர்லினின் அக்கா. குன்றின் மேலுள்ள ஆப்பிள் தோட்டம் அவருடையது. முகாம் இருப்பதும் அந்தத் தோட்டத்தில்தான். வாடகை என்ற பேச்சே இதுவரை எழுந்ததில்லை. பட்டுப்போன கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு வரிசை வரிசையாகப் புதுக்கன்று வைத்திருந்தார். அவற்றின் கொழுந்துகளை மான்கள் தவறாமல் 'பரிசோதித்து' வந்தன.

"டேய் வெர்லின், மான் இல்லேன்னா என் கன்னுகளத் தின்னது யாருடா? நீயா?"

"முயலா இருக்கும்க்கா."

"என் தலை உசரத்துக்குக் கடிச்சிருக்கு. முயலு ஏணி போட்டு ஏறுதா?"

அரங்கம் சிரித்தது. மார்செல்லா சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டுக்க. இந்தக் குளிருலயும் கன்னு போச்சுன்னா அப்பா வச்ச தோட்டம் போச்சு. வித்துட்டு அரிசோனாவுல மக வீட்டோட போயிடுவேன். பெட்டை மானைச் சுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சுடறோம்க்கா. எல்லார் முன்னாடியும் வாக்கு குடுக்கறேன்," என்றார் வெர்லின்.

நவம்பரில் வேட்டைக் காலம் தொடங்கிய காலையில் நான் தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தேன். பரண்களில் ஆரஞ்சு நிற உடுப்புகள். கீழே கன்று வரிசைகளுக்கிடையே பெண்மான்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் போல அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தன. துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக அவற்றை எங்கள் ஆட்கள் கருணையுடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்பன்களும் வந்து எட்டிப் பார்த்தன. அவற்றை விதி காத்தது. பெண்மான்களைச் சபதம் காத்தது. கன்றுகளைக் காக்க ஒன்றும் இல்லை.

அன்று மாலை முகாமில் மான்கறிக் குழம்பும் பிராந்தியும் சீட்டுக்கட்டும் இருந்தும் முகங்களில் களையில்லை. பிராந்தி தீர்ந்து வாங்கப் போயிருந்த மைலோ, முன்பக்கம் நசுங்கிய பிக்கப் லாரியோடு திரும்பினார். பின்னால் ஒரு பெண்மான் கிடந்தது.

"நான் அடிக்கல. அதுதான் வந்து என்னை அடிச்சுது."

"சபதம் என்னடா ஆச்சு?"

"சுடமாட்டோம்னுதானே சபதம்? லாரியைப் பத்தி தாத்தா ஒண்ணும் சொல்லலியே."

இந்தச் சட்ட விளக்கம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. மறுநாள் மானைப் பதிவுச் சாவடிக்குக் கொண்டுபோனார்கள். சாவடி என்பது டெல்மரின் பார். அரசு அங்கீகாரம் பெற்ற பதிவாளரான டெல்மர், பிராந்தி ஊற்றும் அதே கையால் மானின் காதில் தகரப்பட்டையையும் பூட்டுவார். பூட்டினார். மைலோவுக்குக் கொம்பன் சுடும் உரிமை கிடைத்தது.

வெளியே வந்ததும் மைலோ நெடுநேரம் மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மான் இனிமே என்ன பண்ணப்போகுது?"

"செத்த மான் என்னடா பண்ணும்?" என்றார் வெர்லின்.

"அதான் சொல்றேன். சும்மாத்தானே இருக்கு."

மாபெரும் சீர்திருத்தங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. குறட்டால் பட்டையை வெட்டினார்கள். காது கொஞ்சம் கிழிந்தது. வெர்லின் அதே மானை அதே வாசல் வழியாக உள்ளே இழுத்துவந்தார்.

"யாரு சுட்டது?" என்று டெல்மர் முறைப்படி கேட்டார்.

"நான்தான்."

"குண்டு எங்க பட்டுது?"

"விலாவுல."

"ஓட்டையைக் காணோம். விலா பூரா அப்படியே உள்ள போயிருக்கு."

"பெரிய குண்டு."

டெல்மர் மானைப் பார்த்தார். வெர்லினைப் பார்த்தார். பாரில் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். "சரி, என்ன குடிக்கிற?" என்றார்.

அதன் பிறகு அந்த மான் அடைந்த உயர்வை விவரிக்க என் நடைக்கு வலிமை போதாது. முகாமுக்கு முகாம், லாரிக்கு லாரி மாறி, மாவட்டத்தின் எல்லாச் சாவடிகளுக்கும் விஜயம் செய்தது. கடுங்குளிரில் விறைத்து, முன்னங்கால் ஒன்று நெற்றிக்கு நேரே தூக்கியபடி நின்றுவிட்டதால் போகுமிடமெல்லாம் சல்யூட் அடித்தது. வாடிக்கையாளர்களில் மரியாதை தெரிந்தவர்கள் பதில் சல்யூட் அடித்தார்கள். பட்டை பூட்டிப் பூட்டி இரண்டு காதுகளும் போய்விட்டன. பிறகு காலில் பூட்டினார்கள்.

"காது எங்கப்பா?" என்று வடக்குச் சாவடியில் கேட்டார்களாம்.

"இந்தக் குளிருக்கு நமக்கே உதிர்ந்துடும் போல இருக்கு. அது மானு, பாவம்."

துறையில் முப்பது வருடம் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரிகளை எனக்குத் தெரியும். இந்த மான் இறந்த பிறகு செய்த வேலையில் பத்திலொரு பங்கை அவர்கள் உயிரோடு செய்ததில்லை.

மார்செல்லா மட்டும் சாலையில் வெர்லினின் லாரியை மறித்தார்.

"டேய், இந்த சல்யூட் மானை நேத்து மைலோ வண்டியில பார்த்தேன். முந்தா நாள் யாரோ மீசைக்காரன் வண்டியில பார்த்தேன்."

"அது வேறக்கா. ரெட்டைப் பிறவியா இருக்கும்."

"வாக்கு குடுத்தியேடா."

"பதிவெல்லாம் பக்காவா இருக்குக்கா. போய்ப் பாரு."

பதிவெல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. சீசன் முடிவில் டெல்மரின் பாரில் நடந்த விருந்தில் அந்த மான் அரைத்த கறிச் சாசேஜாகப் பரிமாறப்பட்டது. சான்றுகள் அனைத்தும் முறையாக உட்கொள்ளப்பட்டன.

குளிர்காலம் வந்தது. பனி ஏற ஏற, அதன் மேல் நின்று மான்களால் இன்னும் உயரமாக எட்ட முடிந்தது. கொழுந்து தீர்ந்ததும் கன்றுகளின் பட்டையை உரித்தன. பயிர்ச்சேதம் செய்யும் மான்களைச் சுட விவசாயிகளுக்குத் தனி அனுமதி உண்டு. மார்செல்லா அதற்கு விண்ணப்பித்தார். "தங்கள் மாவட்டத்தில் சேதம் விளைவிக்கும் அளவில் மான்கள் இல்லை என்று பதிவுகள் தெளிவுபடுத்துகின்றன. சேதத்துக்கான வேறு காரணங்களை ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது.

"வாசல்ல நின்னு சத்தமா வாசிச்சேன்," என்றார் என்னிடம். "நாலஞ்சு மானு சுத்தி நின்னு கேட்டுச்சு."

வசந்தத்தில், சேற்றுச் சாலைகளில், எல்லாரும் விளையாட்டரங்கில் மறுபடி கூடினோம். டெஸ்ஸா ஒலிபெருக்கி முன் வந்தார்.

"உங்ககிட்ட துறை மன்னிப்பு கேக்கணும். மான் இல்லேன்னு நீங்க வருஷக்கணக்கா சொன்னீங்க. நாங்க நம்பல. மாநிலத்துலயே எந்த மாவட்டமும் இத்தனை பெண்மானைச் சுட்டதில்ல. எங்க கணக்குப்படி இப்ப டாமராக்குல மானே இருக்கக்கூடாது. வர்ற வழியில நான் சிலதைப் பார்த்தேன். ஆத்துக்கு அந்தப்பக்கத்து மாவட்டத்துலேருந்து வந்ததா இருக்கும்."

எனவே, மான் இனம் மீளும் வரை, மூன்றாண்டுகளுக்கு டாமராக்கில் வேட்டை கிடையாது. விவசாயிகளுக்கான தனி அனுமதியும் கிடையாது. அறிவித்துவிட்டு அவர் தலைகுனிந்து நின்றார். தாங்கள் சொன்னதை அரசு அப்படியே ஏற்றுக்கொண்ட அதிர்ச்சியில் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மார்செல்லா எழுந்தார். "டாக்டரம்மா, அத்தனையும் ஒரே மானு. லாரியில அடிபட்ட மானு. ஊரெல்லாம் சுத்தி வந்துது."

டெஸ்ஸா கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். அவர் அரங்கத்தைப் பார்த்தார்.

"இது உண்மையா? பொய்ப்பதிவுன்னா செஞ்சவங்க உரிமம் போயிடும், துப்பாக்கியும் போயிடும். நான் மறைக்க விரும்பல. ஆனா ஒரே ஒருத்தர் எந்திரிச்சு ஆமான்னு சொன்னாக்கூடப் போதும், எல்லாப் பதிவையும் நிறுத்தி வச்சுட்டு இந்தம்மாவுக்கு நாளைக்கே அனுமதி தந்துடுவேன்."

மைலோ கூடைப்பந்து வளையத்தின் வலையை ஆராய்ந்தார். டெல்மர் தன் பூட்ஸை ஆராய்ந்தார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேட்டைக்குத் தடையில்லை என்பதும், பாலத்தைக் கடந்தால் அந்த மாவட்டம் என்பதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்ததை அவர்கள் முகங்களில் பார்த்தேன்.

மார்செல்லா தம்பியின் பக்கம் திரும்பினார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"வெர்லின். இன்னும் பாதிக் கன்னு பொழைக்கும்டா. அப்பா தோட்டம். சொல்லுடா."

வெர்லின் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன, அது உண்மையான ஈரம்தான், நான் முதல் வரிசையில் இருந்தேன்.

"நான் பொறந்ததுலேருந்து துறை சொல்ற கணக்கைப் பொய்னு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார். "இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். துறைக் கணக்கு சரிதான்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை பொய்க்காரி என்று அழைக்கப்பட்ட டெஸ்ஸா, பதவியையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெர்லினும் அவரும் கைகுலுக்குவதை நான் படம் பிடித்தேன். படத்தின் ஓரத்தில், கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி கதவைத் தள்ளிக்கொண்டு போகும் முதுகு மார்செல்லாவுடையது. அச்சில் அந்தப் பகுதியை வெட்ட வேண்டியதாயிற்று.

துறைக்கும் வேட்டைக்காரர்களுக்கும் இடையே இப்படியோர் ஒற்றுமை எங்கள் மாவட்ட வரலாற்றில் நிகழ்ந்ததில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். அதற்காக ஒவ்வொருவரும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். துறை ஒரு கணக்கைக் கொடுத்தது. வேட்டைக்காரர்கள் ஒரு வாக்கைக் கொடுத்தார்கள். மார்செல்லா தோட்டத்தைக் கொடுத்தார். இவற்றுள் நிஜமாக இருந்தது தோட்டம் ஒன்றுதான்.