மேலே அவள், கீழே டிரக்

ஆர்லன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். காப்பி போட்டான். இரண்டு கோப்பைகளில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டினான். பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போய் டிரக்கின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினான். மார்ச் மாதத்திலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். கோடையில் சுரண்டல் மட்டும் கிடையாது.

அன்று கண்ணாடியில் ஒரு காகிதம் செருகியிருந்தது. டிரக்கின் வால் நடைபாதையில் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறது. பனி அள்ளும் வண்டி வரப்போகிறது. நவம்பர் பதினைந்துக்குள் உள்ளே ஏற்றாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டுலூத் நகராட்சி, தன் வழக்கப்படி, நன்றியும் சொல்லியிருந்தது.

உள்ளே ஏற்ற இடமில்லை. கராஜில் மாரிட்டின் கார் நின்றது.

அவன் மனைவி மாரிட் மார்ச்சில் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. அந்த நீலக் கார் ஆர்லன் கொடுத்த கல்யாணப் பரிசு. பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்து பிரேக், ரேடியோ, ஹீட்டர், பின் சீட் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தான். ஆறு வருடம் அவள் மட்டும்தான் அதை ஓட்டினாள்.

பாட்டரி செத்துப்போகக் கூடாது என்று ஞாயிறுதோறும் அவன் அதில் ஏறி, கராஜ் கதவைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவான். ஏப்ரலில் முதல்முறை உட்கார்ந்தபோதே அவள் அங்கே இருப்பது தெரிந்துவிட்டது. காருக்குள் ஒரு குளிர் இருந்தது. வெளியே இருந்ததைவிட அதிகம். இன்ஜின் ஓட ஓட அது முகத்துக்கு நேரே வந்தது, யாரோ எதிரில் உட்கார்ந்து மெல்ல ஊதுவதுபோல.

அவன் மூச்சில் முன்கண்ணாடி மங்கியது. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மங்கவில்லை. வட்டத்தின் ஓரத்தில் விரல் தடங்கள். சின்ன விரல்கள். அவன் அதைத் தொடவில்லை.

சீட்டுக்கு அடியில் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் வலிக்கு வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான்.

கோடையில் அவள் இல்லை. செப்டம்பர் கடைசியில் திரும்பி வந்தாள்.

"காரை வித்துட்டு டிரக்க உள்ள விடு," என்றாள் பெவ். பக்கத்து வீடு. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுவருவாள். பாத்திரத்தின் அடியில் அவள் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும்.

"மாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"காரைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு அவ கடைசியா சொன்னதா நீங்கதானே சொன்னீங்க."

மாரிட் உயிர் போன நேரத்தில் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவள் பெவ் மட்டும்தான். ஆர்லன் கீழே, பார்க்கிங் நேரம் முடிந்துவிட்டதென்று டிரக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

பெவ் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கார் பத்தித்தான் சொன்னா," என்றாள். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு."

*

கார்களைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் விற்கும் கடையில் கோர்டி என்பவன் இருந்தான். கன்னத்தில் பென்சில் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு தூண், நாலு தூண், கத்தரிக்கோல் மாதிரி மடங்குறது. ரிப்பேர் பாக்கணும்னா ரெண்டு தூண். சும்மா தூக்கி நிறுத்தி வைக்கணும்னா நாலு. உங்களுக்கு எதுக்கு?"

"நிறுத்தி வைக்க. மேல கார், கீழ டிரக்."

"டிரக் உயரம்?"

"ஆறடி நாலு அங்குலம்."

"கார்?"

"நாலடி ஒன்பது."

"நடுவுல பலகை அரையடி. கராஜ் கூரை?"

"ஒன்பதடி."

கோர்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். "கார் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். டிரக்க மேல ஏத்தி காரைக் கீழ விட்டாலும் அதே கதைதான்."

"அவ தலைக்கு மேல டிரக்க வைக்க முடியாது."

"எவ?"

"என் மனைவி. கார்ல இருக்கா."

"எவ்வளவு நேரமா?"

"மார்ச்சுலேர்ந்து. இறந்துட்டா."

பென்சில் நின்றது. கோர்டி மெதுவாக வாசல் பக்கம் பார்த்தான். ஆர்லன் ஓட்டிவந்த டிரக் மட்டும் நின்றது. கோர்டி மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"தாங்குற எடை ஏழாயிரம் பவுண்டு," என்றான். "கூட ஏதாவது சேத்துக்கணுமா?"

"வேண்டாம். அவளுக்கு எடையே இல்ல."

"சரி. கூரைக்கு ஆள் அனுப்பட்டுமா? பூட்டுறதுக்கும் நம்ம பசங்க வருவாங்க."

"வேண்டாம். நானே பண்ணிக்கறேன்."

*

முதல் சனிக்கிழமை உள்கூரைப் பலகைகளைப் பிரித்தான். குளிர் தடுக்கும் பஞ்சு மூட்டை மூட்டையாகத் தலையில் விழுந்தது. முகட்டுக்குக் கீழே பன்னிரண்டடி கிடைத்தது. குறுக்குச் சட்டங்கள் இடித்தன. அவற்றைக் கழற்றி மேலே ஏற்றி அடித்தான்.

கதவைத் திறக்கும் மோட்டார் உள்கூரையிலிருந்துதான் தொங்கியது. இப்போது தொங்க இடமில்லை. அதையும் கழற்றினான். கதவைக் கையால் தூக்க வேண்டியதாயிற்று.

லிஃப்ட் வந்தது. நாலு தூண்களையும் தானே நிறுத்தினான். கடைசித் தூணின் போல்ட்டை இறுக்கி நிமிர்ந்தபோது, அது வீட்டுக்குள் போகும் கதவை மறித்துக்கொண்டு நின்றது. கதவு நான்கு விரல் திறந்தது. அன்றிலிருந்து வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போனான்.

"தூணை ஒரு அடி தள்ளி வைக்கலாமே," என்றாள் பெவ்.

"தள்ளினா டிரக் கதவு திறக்காது."

"யாரையாவது கூப்பிடேன்."

"நானே பாத்துக்கறேன்."

பதினான்காம் தேதி கார் மேலே போனது. ஆடாமல், சத்தமில்லாமல். முகட்டுக்கும் காருக்கும் நடுவே கை நுழையும் இடம் மிச்சம் இருந்தது. டிரக் அடியில் நுழைந்தபோது உச்சி பலகையில் உரசியது. டயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டு உள்ளே தள்ளினான். கதவை இழுத்து மூடப் போனான். சட்டங்களின் பிடி இல்லாத சுவர்கள் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. கதவு இடுப்பு உயரத்தில் கோணிக்கொண்டு சிக்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

டிரக் உள்ளே பத்திரமாக இருந்தது. இனி வெளியேதான் வராது. பதினைந்தாம் தேதி நகராட்சி ஆள் வந்து காலியான நடைபாதையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் போனான். ஆர்லன் வேலைக்குப் பஸ்ஸில் போனான்.

*

ஞாயிறு. இரவெல்லாம் பனி பெய்திருந்தது. கதவுக்கு அடியால் புகுந்து டிரக்கின் சக்கரம்வரை வந்திருந்தது. ஆர்லன் குனிந்து உள்ளே நுழைந்து, ஏணியைச் சாத்தி மேலே ஏறி, காருக்குள் உட்கார்ந்தான்.

சாவியைத் திருப்பினான். பத்து நிமிடம்.

அவள் இருந்தாள். முன்பைவிட அருகில். கண்ணாடி மங்கி, வட்டம் மட்டும் தெளிவாக நின்றது. வட்டத்தின் வழியே முகட்டில் ஓர் ஆணி தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை வெளியே வைத்தான். ஏணி பனியில் வழுக்கி, டிரக்கின் மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்குப் போனது.

போன் சமையலறையில் இருந்தது. அவன் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதினொன்றேகாலுக்கு கராஜ் கதவுக்கு அடியில் ஒரு பாத்திரம் நுழைந்தது. பின்னால் பெவ் நுழைந்தாள்.

"ஆர்லன்?"

"மேல."

பெவ் நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி நேரம்."

"உதடெல்லாம் நீலமா இருக்கு. இரு, ஏணிய வைக்கறேன். இறங்கு."

ஏணி வந்தது. அவன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"நீங்க ஏறி வாங்க, பெவ்."

"எனக்கு அறுபத்தெட்டு வயசு."

"அவ இங்க இருக்கா. நீங்களும் அவளைப் பாத்து எட்டு மாசம் ஆச்சு."

பெவ் பாத்திரத்தை டிரக்கின் மேல் வைத்தாள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். ஆர்லன் மறுபடி இன்ஜினை ஓடவிட்டான்.

"கைய உள்ள விடுங்க. கையுறைய கழட்டிட்டு. அங்க இல்ல, இங்க. இந்த ஓட்டைக்கு நேரா. இங்கதான் அதிகமா இருக்கா."

பெவ் கையை வைத்தாள். காற்று அவள் விரல்களின் மேல் ஊதியது. அவள் கண்கள் மெல்லக் கீழே இறங்கி, காற்று வரும் ஓட்டைக்கு அடியிலிருந்த குமிழைப் பார்த்தன. சூட்டைக் காட்டும் சிவப்புக் கோட்டின் கடைசிவரை திருப்பி வைத்திருந்தது. பிறகு கண்ணாடியிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். அந்த வழியாகத்தான் ஒருத்தி ஆறு குளிர்காலம் சாலையைப் பார்த்து ஓட்டியிருக்கிறாள்.

வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

"தெரியுதா?" என்றான் ஆர்லன்.

"தெரியுது."

"சொன்னேன்ல."

"ஆர்லன், அவ கடைசியா காரைப் பாத்துக்கச் சொல்லல."

அவன் இன்ஜினை அணைத்தான்.

"நீ ஓடி வந்து நின்ன. கையில பார்க்கிங் சீட்டு இருந்துச்சு. எதையாவது நல்லதா சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். அவ சொன்னது வேற. உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்."

"சொல்லுங்க."

பெவ் பிரித்த கூரையைப் பார்த்தாள். தூண் மறித்த கதவைப் பார்த்தாள். கீழே காற்றுப் போன டயர்களையும், கோணிச் சிக்கிய கராஜ் கதவையும், உள்ளே வந்துகொண்டிருந்த பனியையும் பார்த்தாள்.

"சொன்னது இதுதான். 'பெவ், அந்தக் கார்ல ஆறு வருஷமா ஹீட்டர் வேலை செய்யல. ஆர்லன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நானே சரி பண்றேன்னு கிளம்பிடுவான்.'"