திருஷ்டிப் பூசணிக்காயை விழுங்கிய குஞ்சரவல்லி

ஒரு காட்டில் சினிமாப் பைத்தியம் பிடித்த யானை ஒருத்தி இருந்தாள். பெயர் குஞ்சரவல்லி. கரடியின் டீக்கடை டிவியில் படம் ஓடினால், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதே என்ற நினைப்பே இல்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். சிங்க நடிகர் கேசரிநாதனை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். அதுதான் அவளுடைய ஒரே ஆசை.

"நீ அவரைப் பார்க்கப் போறியாக்கும்? அவர் வாலைக்கூடப் பார்க்காம திரும்பி வருவே, எழுதி வச்சுக்கோ" என்றாள் மூத்த நாத்தனார் மாதங்கி, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி.

குஞ்சரவல்லிக்குச் சுருக்கென்றது. "அவர் முகத்தைப் பார்க்காம இந்தக் காட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று அங்கேயே சபதம் போட்டுவிட்டு, கொட்டகைப்பட்டணத்துக்கு ரயிலேறினாள். படம் எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஊர் அது.

அங்கே கூரையில்லாத சுற்றுலா பஸ் ஒன்று இருந்தது. மூன்று சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளை உட்கார வைத்தார்கள். கைடு ஒரு குரங்கு. மைக்கைப் பிடித்தால் விடாத ஜாதி.

"இடது பக்கம் பாருங்க! நம்ம கேசரிநாதன் சார் வீடு!"

"அவர் எங்கே தம்பி?"

"அவர் இல்லீங்கம்மா. கேட்டைப் பாருங்க. தினமும் அந்த கேட் வழியாத்தான் போவாரு."

பஸ் மொத்தமும் கேட்டைப் படம் எடுத்தது. அடுத்து கடற்கரை. "இந்த மணல்லதான் சார் டூயட் பாடி உருண்டாரு" என்றது குரங்கு. உருண்ட தடம் எங்கே என்று கேட்டதற்கு, அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னது. ஸ்டுடியோவில் ஓர் அரண்மனை இருந்தது. குஞ்சரவல்லி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் நாலு சவுக்குக் கட்டைதான் முட்டுக் கொடுத்திருந்தது.

டிக்கெட்டில் மதிய சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தார்கள். உண்மைதான், ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் வந்தது. அணில்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டன. குஞ்சரவல்லிக்கு அது எந்தப் பல்லிடுக்கில் போனது என்றே தெரியவில்லை. பசியில் காது இரண்டும் தொங்கிப்போயின.

"அடுத்து நம்ம டூரோட ஹைலைட்! கேசரிநாதன் சார் புதுப்படத்துக்குப் பூஜை! கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கலாம்!"

குஞ்சரவல்லி முண்டியடித்துக்கொண்டு கயிற்றோரமாகப் போய் நின்றாள். கேமராவுக்கு மாலை போட்டிருந்தார்கள். தயாரிப்பாளர் பெருச்சாளி வேட்டியைத் தடுக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். கேசரிநாதன் நடித்த நாலு படம் வரிசையாக ஊத்திக்கொண்டதால், இந்தத் தடவை ஊர்க் கண் படக்கூடாதென்று சந்தையிலேயே பெரிய பூசணிக்காயாக வாங்கி வந்திருந்தார். அதில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் திணித்து, மேலே சூடம் ஏற்றியாயிற்று.

கூட்டம் ஓவென்று கத்தியது. கேசரிநாதன் வந்துவிட்டார்! கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்! அவர் முகத்துக்கு நேரே ஓர் ஆடு பூசணிக்காயைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தது.

குஞ்சரவல்லி பார்த்தாள். பூசணிக்காயைத்தான் பார்த்தாள். பாவம், அந்தத் தும்பிக்கைக்கு அவளிடம் கேட்டுச் செய்யும் பழக்கம் கிடையாது. கயிற்றைத் தாண்டி நீண்டு, சூடத்தை ஒரே மூச்சில் ஊதி அணைத்து, காயை முழுசாக வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. சில்லறை மட்டும் பல்லில் கடகடவென்றது.

"ஐயோ, என் படம்!" என்று பெருச்சாளி தலையில் அடித்துக்கொண்டார். "நடுரோட்டுல உடைக்க வேண்டிய திருஷ்டி போச்சே!"

"எங்க போச்சு? அந்தம்மா வயித்துக்குள்ளதான் இருக்கு" என்றது குரங்கு.

பெருச்சாளி யோசித்தார். "அப்போ படம் ரிலீசாகுற வரைக்கும் இவங்க எங்கேயும் போகக் கூடாது. வழியில எங்கேயாவது தும்மிட்டா என் கதி?"

அரண்மனைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. இவ்வளவு கிட்டத்தில் நின்றும் முகத்தைப் பார்க்காமல் விட்டோமே என்று குஞ்சரவல்லி குங்குமம் ஒழுகும் வாயோடு விக்கி விக்கி அழுதாள். பார்க்கவே பரிதாபமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

படம் வந்தது. ஓடு ஓடென்று ஓடியது. கதை நன்றாக இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் அந்த வயிற்றின் ராசி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அதன்பிறகு கொட்டகைப்பட்டணத்தில் யாரும் பூசணிக்காயை ரோட்டில் உடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தயாரிப்பாளர்கள் காயும் கையுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். குஞ்சரவல்லி திருஷ்டியம்மா ஆனாள். சபதத்தை நினைத்து எப்போதாவது பெருமூச்சு விடுவாள், ஆனால் அதற்குள் அடுத்த காய் வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சுற்றுலா பஸ் கொட்டகை வாசலில் நின்றது. "வலது பக்கம் பாருங்க! நம்ம ஊரோட பெருமை, திருஷ்டியம்மா! கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கலாம்!"

பஸ்ஸில் மூன்று சீட்டு இடத்தில் மாதங்கி உட்கார்ந்திருந்தாள். "அடியே குஞ்சரம்! நீயாடி இது?" என்று வாயைப் பிளந்தாள். சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். கேசரிநாதனைப் பார்த்தியா, இல்லையா? அதைச் சொல்லு" என்றாள்.

"எந்தக் கேசரிநாதன் அக்கா?" என்றாள் குஞ்சரவல்லி மென்றுகொண்டே. "வாராவாரம் முதல் ஆளா வந்து பூசணிக்காயை நீட்டுவாரே, அவரா? காய் நல்ல காய். முகத்தை எங்கே பார்த்தேன்!"

"அப்போ சபதம்? நீ காட்டுக்குத் திரும்ப முடியாதேடி!"

"ஆமாம் அக்கா, என்ன செய்யறது" என்று மிகவும் வருத்தப்பட்டு, குஞ்சரவல்லி அடுத்த காய்க்கு வாயைத் திறந்தாள்.

நீதி: ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பசியோடு போகவும். பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டாலும், பார்க்க வேண்டிய இடமாக நீங்களே ஆகிவிடலாம்.