மாமனார் முழுதாகத் தெரியும் பதிப்பு

என் அருமை மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே நலம். நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அக்கா பக்கத்தில் வந்து நின்று, "அவன்கிட்டயா?" என்கிறாள். ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. அதனால் கடிதம். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கிடைத்துவிட்டார்.

போன தடவை நீ வந்திருந்தபோது டிவியில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது ஞாபகமிருக்கும். கதாநாயகி ரயிலேறிப் போகிற காட்சி மாமனார் ரயில்வே கார்டாக இருந்த ஸ்டேஷனில் எடுத்தது. படக்காரர்கள் ஸ்டேஷன் ஆட்களையே நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள் என்றும், தானும் அதில் இருப்பதாகவும் அவரே வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். அவருடைய போட்டோக்கள் அத்தனையும் வெள்ளத்தில் போன பிறகு உன் அக்காவுக்கு மிஞ்சியது அந்தக் காட்சி ஒன்றுதான். அதிலும் இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் பாதிக் கொடியும்தான் தெரியும். "இதோ அப்பா" என்றாள். நீ சும்மா இருந்திருக்கலாம். "அது வெறும் கைதான்க்கா, யாரோட கையா வேணா இருக்கலாம்" என்றாய். "எனக்கு அப்பா கை தெரியாதா? அவர் போனப்ப நீ தொட்டில்ல கிடந்தவன்" என்று அவள் சொல்ல, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. சொத்துக்காகப் பிரிந்த அக்கா தம்பியைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழங்கைக்காகப் பிரிந்தவர்கள் நீங்கள் இருவர்தான்.

நடுவில் மாட்டியவன் நான். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என் தொழில். சரி, இந்தக் கையின் மிச்ச உடம்பையும் கண்டுபிடித்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைத்து, மார்க்கெட்டில் பழைய டிஸ்க் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர், "இது புதுசா கலர் பண்ணது சார், பாருங்க, அசந்துடுவீங்க" என்று கொடுத்தார். அசந்துதான் போனேன். கதாநாயகியின் உதடும் ரயில் எஞ்சினும் ஒரே ரோஜா நிறம். இந்தத் தடவை தோள் வரைக்கும் தெரிந்தது. ஆனால் கலர் அடித்த புண்ணியவான் கொடிக்குச் சிவப்பு அடித்துவிட்டான். சிவப்புக் கொடியைக் காட்டக் காட்ட ரயில் ஜம்மென்று கிளம்புகிறது. உன் அக்கா டிவியை அணைத்துவிட்டு, "எங்கப்பா சர்வீஸ்ல ஒரு தப்பு பண்ணாதவர். அவரைப் போய் இப்படிக் காட்டுறாங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க, கலர் அடித்தது நான்தான் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அப்புறம்தான் மேல்வீட்டுக்காரர் ஒரு ஆளைச் சொன்னார். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வீடு நிறைய டிஸ்க். கிளினிக்கை மூடியும் பல் பிடுங்குகிற நாற்காலியை விட மனசில்லாமல் அதையே படம் பார்க்கிற அறையில் போட்டு வைத்திருக்கிறார். கையைக் கழுவினால்தான் உள்ளே விடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும், "உங்க டிவிக்காரங்க படத்தோட ரெண்டு பக்கத்தையும் வெட்டிட்டாங்க. அகலமான பதிப்பு வேணும். ஆனா அகலம் மட்டும் இருந்தா போதாது" என்று ஆரம்பித்தார். அதற்குள் நான் அகலம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். மீதியைக் கேட்டிருக்க வேண்டும். பளபளவென்று அட்டைப்பெட்டியில், தூசி தும்பு நீக்கிச் சுத்தம் செய்தது என்று பெருமையாக அச்சடித்த பதிப்பு ஒன்றை வாங்கி வந்தேன். போட்டேன். அப்பாடா, முழு ஆள். தொப்பி, மூக்கு, பொத்தான் எல்லாம் இருந்தது. உன் அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். "இது என்னங்க, சோப்புக் கட்டி மாதிரி இருக்கு. அப்பா முகம் பூரா அம்மைத் தழும்பு. அது எங்க போச்சு?" என்றாள். நியாயம்தான். படத்தைச் சுத்தம் செய்தவர்கள் தூசியோடு எல்லார் முகத்தையும் வழித்து எடுத்துவிட்டார்கள். பின்னால் நின்ற கூட்டம் சுண்ணாம்பு பூசின சுவர்போல ஒன்றாகிக் கிடந்தது.

மறுபடி பல் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார். "பழைய பிலிம்ல பொடிப் பொடியா புள்ளி இருக்கும். அது அழுக்கு இல்ல சார், அதுதான் படத்தோட தோல். அதைச் சுரண்டாம, ஓரத்தை வெட்டாம, மூலப் பிலிம்லேர்ந்து எடுத்த பதிப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வெளிநாட்டுல போட்டது" என்றார். எழுதிப் போட்டு, காத்திருந்து, தபாலில் வரவழைத்தேன். அது வந்த நாளில் குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிஸ்கைப் போட்டேன். நம் வீட்டுப் பிளேயர் அதை விழுங்கி, யோசித்து, இது உங்கள் பகுதிக்கு உரியதல்ல என்று எழுதிக் காட்டி வெளியே துப்பியது. மாமனார் வெளிநாடு போய்த் திரும்பி வந்து, வீட்டு வாசலில் பாஸ்போர்ட் இல்லையென்று நிற்கிற கதை. எல்லா நாட்டு டிஸ்கையும் ஏற்றுக்கொள்கிற பிளேயர் பல் டாக்டரிடம்தான் உண்டு. நான் போய்க் கேட்டேன். "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

மத்தியானம் இருவரும் போனோம். உட்கார இடம் அந்த நாற்காலி ஒன்றுதான். உன் அக்காவை அதில் உட்கார வைத்தார். பழக்க தோஷத்தில் காலால் அழுத்திவிட்டார்போல, நாற்காலி மெல்லச் சாய்ந்தது. இவள் பயந்துபோய், "நான் பல் பார்க்க வரலைங்க" என்றாள். நிமிர்த்தி உட்கார வைத்துப் படத்தைப் போட்டார். ரயில் வந்தது. கதாநாயகி ஏறினாள். இடது ஓரத்தில், மாப்பிள்ளை, தலை முதல் கால் வரை, கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார் உன் அப்பா. முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தழும்பு. "தழும்பு தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகும் இன்னொரு தடவை. கண் நிறைந்து வழிந்தது. பல் டாக்டர் வேறெதுவும் கைக்குக் கிடைக்காமல் பஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

அன்று முதல் வீடு வீடாக இருக்கிறது. உன் அக்கா பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். என்னை அதட்டுகிறாள். அது எவ்வளவு நிம்மதி என்று கல்யாணமான உனக்குத் தெரியும். டாக்டர் அந்தக் காட்சியிலிருந்து படம் எடுத்துக் கொடுத்தார். ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டிவிட்டேன். வெளியே போகும்போதெல்லாம் மாமனாரிடம் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். உனக்கும் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். நீ பெரிய மனசு பண்ணி, அக்காவிடம் ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் வாய் நிறைந்த பேச்சோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, நான் அக்கா. உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு அத்தான் குளிக்கப் போயிருக்கார். நீ ஒண்ணும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். நீ சொன்னதுதான் சரி. கொடி பிடிச்சிருக்கறது அப்பா இல்ல, யாரோ. அத்தான் தழும்புன்னு சொல்றது பிலிம்ல இருக்கற புள்ளி. அது கதாநாயகி மூஞ்சிலயும்தான் இருக்கு. நான் பாத்து அழுதது வலது ஓரத்துல. வேற எந்த டிஸ்க்லயும் அந்த ஓரம் இல்ல. தள்ளுவண்டி பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து ஷூவுக்கு நாடா கட்டிட்டிருக்கார் அப்பா. கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு அவ்வளவு பேருக்கும் சொல்லியிருப்பாங்க. அவர் மட்டும் நிமிந்து நேரா பாக்கறார், நம்மள்ல யாரோ கூப்பிட்ட மாதிரி. நீ வரும்போது டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். அத்தான்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. இவ்வளவு அலைஞ்சிருக்கார், பாவம். அந்தப் படத்துல இருக்கறவர் யாருன்னு தெரியல, நல்ல மனுஷனாத்தான் தெரியுது. உன் வீட்டு ஹால்லயும் மாட்டி வை. போன் பண்ணு, நானே எடுக்கறேன்.