வணக்கம் இல்லாத வழி

பத்மநாதன் சைக்கிளில் ஏற வேண்டுமானால் ஒரு மதகு வேண்டும்.

மதகு இல்லாவிட்டால் ஒரு பெரிய கல். அதுவும் இல்லாவிட்டால் ஒரு மண்மேடு. ஏறி உட்கார்ந்துவிட்டால் நமுனுகுல மலைக்காற்றாலும் அவரைப் பிடிக்க முடியாது. குறை அவருடைய காலில் இல்லை, மாமனாரில் இருந்தது. சீதனச் சைக்கிள் வாங்கப் போன மாமனார், பனைமரத்தின் பக்கத்தில் நின்றால் பனை வெட்கப்படும் உயரம். கடையில் தானே ஏறிப் பார்த்து, "திறமான சாமான்" என்று தலையாட்டி வாங்கி அனுப்பிவிட்டார். மருமகனின் காலை அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அன்று காலையும் பத்மநாதன் மதகில் ஏறி, மதகிலிருந்து சைக்கிளில் ஏறி, பெடலில் காலை வைத்தார். எதிரே தேயிலை ஆலையின் டீமேக்கர் வந்தார்.

இறங்கினார்.

மயில்கொல்லைத் தோட்டத்தில் எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் பெரியவர் எதிரே வந்தால் சின்னவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, நெற்றிக்குக் கை கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். பத்மநாதன் கந்தோரில் சின்னக் கிளாக்கர். அந்தத் தோட்டத்தில் சப்பாத்துப் போட்டவர்களில் அவர்தான் ஆகக் கடைசி. ஆகவே சப்பாத்துப் போட்ட எல்லாருக்கும் இறங்கினார். இறங்குவது சுகம். திரும்ப ஏறுவதற்கு அடுத்த மதகு வரை உருட்டிக்கொண்டு ஓட வேண்டும். அந்த மதகில் ஏறும்போது சின்னத் துரை வருவார். அதற்கடுத்த மதகில் பெரிய கங்காணி குடையோடு வருவார்.

இப்படி மதகுக்கு மதகு வணக்கம் வைத்துக்கொண்டு அவர் தெமோதரை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, காலை ரயில் தன் புகையை மட்டும் அவருக்காக விட்டுவிட்டுப் போயிருந்தது. கொழும்புக்குப் போகவேண்டிய தேயிலை மாதிரிப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது.

பெரிய கிளாக்கர் கனகசபை கந்தோரில் காத்திருந்தார். சுவரில் புதிதாக மாட்டிய இங்கிலாந்து ராணியின் படமும் அவரோடு சேர்ந்து முறைப்பதுபோல் இருந்தது.

"தம்பி, வேலைக்கு வரேக்க சைக்கிள் ஓடுவன் எண்டு சொன்னனீர்தானே?"

"ஓடுவன் ஐயா."

"அப்ப ஏன் உருட்டுறீர்? மாசக் கடைசியிலைதான் உம்மை நிரந்தரமாக்கிறதோ, அனுப்பிறதோ எண்டு துரை முடிவெடுப்பார். இன்னொருக்கா இந்த றெயிலை விட்டீரெண்டால், யாழ்ப்பாணம் போற றெயிலைப் பிடிக்கலாம்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி யோகமலர் முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா சொல்லுறியள்? இது காய்க்க முன்னம் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகப் போறியளோ? தோட்டமே உங்கடை கையிலை எண்டெல்லோ அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்!"

"அதை ஏன் சொன்னனீர்?"

"பின்னை, வீட்டுக்காரர் மதகிலை ஏறி நிக்கிறார் எண்டே சொல்லுறது?"

பத்மநாதன் யோசித்தார். மறுநாள் அடுப்படி முக்காலியைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுநுனியைக் காரியரில் கட்டினார். முக்காலியில் ஏறிச் சைக்கிளில் உட்கார வேண்டியது. முக்காலி பின்னால் வரும். எங்கே இறங்கினாலும் மதகு கூடவே இருக்கும்.

முக்காலி வந்தது. சும்மா வரவில்லை. கல்ரோட்டில் டமடம டமடம என்று அடித்துக்கொண்டு வந்தது. முதலில் ஒரு நாய் துரத்தியது. பிறகு தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவு நாய்களும் கீழ்க்கணக்குப் பிரிவு நாய்களும் பழைய பகையை மறந்து ஒன்றாகத் துரத்தின. லயத்துச் சனம், சாவுத் தப்பு அடிக்கிறது என்று எண்ணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை விட்டு ஓடிவந்தது. கொழுந்துக் கூடையோடு நின்ற இராக்கம்மா மாரில் கையை வைத்தாள்.

"ஐயோ சாமி, யாருங்க ஐயா போயிட்டது?"

"றெயில்! றெயில்தான் போயிட்டுது!" என்று பத்மநாதன் கத்தினார். அதுவும் பொய்யில்லை. தெமோதரைப் பக்கம் கூவென்று சத்தம் கேட்டது.

அன்று ஏதோ ஒரு புண்ணியத்தில் அடுத்து வந்த சரக்கு ரயிலின் கார்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டதால் கனகசபைக்குச் செய்தி போகவில்லை. முக்காலிக்கு மட்டும் ஒரு கால் போய்விட்டது.

திரும்பி வரும்போது இராக்கம்மாதான் வழி சொன்னாள். "இந்த ரோட்டுல ஏன் மல்லுக்கட்டுறீங்க? ராசா காட்டு வழியா போங்களேன். வண்டி இல்ல, வாகனம் இல்ல, ஒரு பெரிய மனுசன் வரமாட்டாரு. நேரா தெமோதரையில கொண்டுபோய் விடும்."

"பெரிய ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினமோ?"

"சிறுத்தை வரும். அதுக்கு நீங்க எறங்க வேணாங்க."

மறுநாள் பத்மநாதன் காட்டுக்குள் நுழைந்தார். அடடா, அதுவல்லவோ வழி! எந்தக் காலத்து ராசாவோ, எதிரிக்குப் பயந்து ராணியையும் பல்லக்கையும் தூக்கிக்கொண்டு ஓடிய பாதை என்று தோட்டத்தில் சொல்லிக்கொள்வார்கள். பல்லக்குக் குலுங்கக் கூடாது என்று வெட்டியதாலோ என்னவோ, மேடே தெரியாமல் வளைந்து வளைந்து சரிந்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க ஒரு பெரட்டுச் சனமே கைகோக்க வேண்டும். மேலே இலை, கீழே இலை, நடுவில் பத்மநாதன். எல்லாவற்றிலும் மேலாக, வழி நெடுக உடைந்த கல்தூண்கள் இடுப்பளவு உயரத்தில் நின்றன. எந்த ராசா எதற்காக நட்டானோ, சின்னக் கிளாக்கர் ஏறுவதற்கென்றே அளந்து நட்டதுபோல் இருந்தன.

வளைவு தோறும் சிறுத்தைக்கு எச்சரிக்கையாக மணியை அடித்துக்கொண்டு அவர் பறந்தார். ஸ்டேஷனில் ரயில் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை, அவர்தான் ரயிலுக்காகக் காத்திருந்தார்! ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமலே போய்க் கிளைவழிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில், பதுளையிலிருந்து துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக நடந்து விற்கும் அலவி நானாவை மட்டும் காண்பார்.

"என்னா ஐயா, காத்துக்குப் பொறந்த மாதிரிப் போறீங்க!"

"நானா, உலகத்திலை இப்பிடி ஒரு சைக்கிள் வழி இல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ!"

அந்தச் சொர்க்கம் ஒரு வாரம் நீடித்தது. அடுத்த திங்கட்கிழமை, மணியடித்துக்கொண்டு ஒரு வளைவைத் திரும்பினால், ஓரத்துப் பன்னச்செடிப் புதருக்குள் இடுப்பளவு புதைந்தபடி பெரிய துரை நின்றார்! பக்கத்தில் ஒரு புதுச் சைக்கிள் படுத்திருந்தது. வயிற்றைக் குறைக்கச் சொல்லிப் பதுளை டாக்டர் ஜீப்பை விடவைத்து அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்ட கதை தோட்டத்துக்கே தெரியும். ஆனால் இந்தக் காட்டில் என்ன வேலை?

பத்மநாதன் குதித்து இறங்கி நெற்றியில் கை வைத்தார். துரை ஒரு பன்ன இலையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்ம்" என்றார்.

மறுநாள் பத்மநாதன் ஓடைக்கரை வழியாகப் போனார். அங்கே துரை ஓடைக்குள் சப்பாத்தோடு நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் விடியும் முன்பே புறப்பட்டு மூங்கில் வழியாகப் போனார். மூங்கில் புதருக்குள் இரண்டு நீலக் கண்கள் தெரிந்தன. சிறுத்தை என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டார். துரை!

கந்தோரில் கனகசபை அவருக்காகவே ஒரு புன்னகையை வைத்திருந்தார்.

"தம்பி, துரை உம்மைப் பற்றி விசாரிக்கிறார். எத்தினை மணிக்குப் போறவன், எந்த வழியாலை போறவன், மத்த வழியாலையும் போவானோ எண்டு துருவித் துருவிக் கேக்கிறார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தெரிஞ்சதைச் சொன்னன். உளவு பாக்கிறார் போலை. உம்மடை பெட்டியைக் கட்டி வையும்."

அன்றிரவு யோகமலரே ஒரு யோசனை சொன்னாள். "மணியை அடிச்சுக்கொண்டு போனால் ஆர்தான் வந்து நிக்கமாட்டினம்? அதை ஒரு துணியாலை கட்டுங்கோ. சத்தமில்லாமல் போங்கோ."

அவள் கிழித்துக் கொடுத்த சேலைத் துண்டால் மணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மாதத்தின் கடைசி நாள் பத்மநாதன் புறப்பட்டார். சருகு மட்டும் சரசரத்தது. காடு முழுவதும் அவருடையதாக இருந்தது. தூரத்தில் ரயில் பதுளைப் பக்கத்துச் சுரங்கத்தை விட்டு வெளியேறி ஊதியது. அந்த நேரம் பார்த்துப் பெரிய வளைவு. வளைவின் மறுபக்கத்திலிருந்து பெரிய துரை, சைக்கிளின் மேலேயே, நேருக்கு நேராக வந்தார்!

பத்மநாதனின் தலைக்குள் ஒரு கோர்ட்டே நடந்தது. இறங்கினால் மரியாதை நிற்கும், ரயில் நிற்காது. இங்கே தூணும் இல்லை. இறங்காமல் வணக்கம் வைப்பது, வைக்காததைவிடத் திமிர். துரையின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, கண்கள் அவருடைய வலது கையிலேயே குத்திட்டு நின்றன. அந்தக் கை எப்போது மேலே போகும் என்று பார்க்கிறாரோ!

பத்மநாதன் உலகத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். முகத்தை வானத்துக்குத் திருப்பி, ஒரு குரங்கை ரசிப்பவர்போல், இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடி, துரையை உரசிக்கொண்டு போய்விட்டார். இறங்கவில்லை. வணக்கமும் இல்லை.

பின்னால் துரை ஏதோ கத்தினார். என்ன என்று கேட்கப் பத்மநாதன் நிற்கவில்லை.

ரயில் கிடைத்தது. பொட்டலம் போயிற்று. திரும்பி வந்தபோது வாசலில் பங்களாக் காவற்காரன் நின்றான். "துரை ஒடனே வரச் சொன்னாருங்க." யோகமலர் உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள்.

பங்களாவில் துரை எழுந்து நின்று, பெரிய கிளாக்கருக்குக்கூட நீட்டாத கையை நீட்டினார்.

"இன்னிக்கி இருந்து ஒன் வேல நெரந்தரம். இந்தத் தோட்டத்துல நீ ஒருத்தன்தான் நல்ல மனுசன். நாளக்கி, நாளன்னிக்கி, தெனமும் அதே மாதிரி போ. என்னயப் பாக்காத!"

மறுநாள் கனகசபைக்குக் காய்ச்சல் என்று லீவு. பத்மநாதனுக்குச் சந்தோஷமும் குழப்பமும் ஒன்றாகப் பெடல் மிதித்தன. காட்டு வழியில் அலவியைக் கண்டதும் தூணோரம் சைக்கிளைச் சாய்த்து எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

"நானா, நான் செய்தது கழுத்தைப் பிடிச்சு வெளியிலை தள்ளுற குற்றம். வேலையைத் தாறாரே மனுசன், பைத்தியமோ?"

அலவி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த மனிசனெச் சைக்கிளோடெ கான் பள்ளத்துலெயிருந்து மூணு வாட்டி இழுத்தெடுத்தவன் நான், என்னக்கிட்டெக் கேளுங்க: நீங்க சலாம் வெச்சா அவரும் தொப்பிக்குக் கையெடுக்கணுமே, ஒத்தெக் கையாலெ சைக்கிள் ஓட்டத் தெரியாமெத்தானே ஐயா, ஒங்களுக்குப் பயந்து தொரெ காடு காடா ஒளிஞ்சி திரிஞ்சாரு!"