முப்பத்திரண்டு கிலோபைட்

"கேபிள் அண்ணே, என் மாடிப்படியைக் காணோம்!"

படம் வரையும் பெண் போட்ட கூச்சலில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. காலையெல்லாம் மாங்கு மாங்கென்று வரைந்து எல்லார் ஃபைலும் இருக்கும் பொதுக் கணினியான சர்வரில் சேமித்த வீட்டு வரைபடம், திறந்தால் பாதியோடு நின்றது.

கேபிள் என்று எல்லாரும் கூப்பிடும் கணினிப் பராமரிப்பாளர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். எந்தக் கணினியும் ஒரு ஃபைலை முழுசாகச் சர்வருக்கு அனுப்பாது. மூட்டை மூட்டையாகக் கட்டித்தான் அனுப்பும். வேகம் கூடட்டும் என்று போன வாரம் மூட்டையின் அளவைக் கன்னாபின்னாவென்று ஏற்றி வைத்த புண்ணியவான் அவரேதான். கிழட்டுச் சர்வருக்கு விக்கிக்கொண்டது.

மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். "இந்த வாரத்துக்குள்ள புகார் நிக்கலைன்னா வெளி கம்பெனிகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?"

கல்லூரியில் படிக்கும் மகளின் முகம் கேபிளின் கண்முன் வந்து போனது. ஓடிப்போய் அளவை நாலு கிலோபைட்டுக்கு இறக்கினார்.

"இப்பப் பாரும்மா, ஒண்ணும் அறுந்து போகாது."

"அறுந்து போகலண்ணே. ஆனா சேமிக்கப் போட்டுட்டு சாப்பிட்டே வந்துட்டேன், இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு."

அடுத்து கணினிக்கொரு அளவு வைத்தார். படம் வரைபவர்களுக்குப் பெரியது, கடிதம் அடிப்பவர்களுக்குச் சின்னது. மறுநாளே கடிதக் கணினியில் உட்கார்ந்து படம் வரைந்த எஞ்சினியர் மேசையைத் தட்டினார்.

"எனக்கு மட்டும் ஏங்க நத்தை வேகம்? நான் என்ன பாவம் பண்ணேன்?"

கேபிளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, சர்வருக்கும் விக்காத, ஆட்களும் காத்துக் கிடக்காத ஓர் அளவைப் பிடித்தார். முப்பத்திரண்டு கிலோபைட். எந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் இனி இதுதான் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தார்.

அன்று ஒரு புகாரும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், எப்போதும் ஓயாமல் மினுங்கும் சர்வர் விளக்குகூட அடங்கிக் கிடந்தது. பாவம், இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறது என்று கேபிளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேபிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பலே! நாளைக்கே ஏழு கிளைக்கும் இதையே போட்டுடுங்க."

கேபிள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, வரவேற்பு மேசைப் பெண்ணிடம் முதல் ஆளாகச் சொன்னார். "ஏழு கிளைக்கும் நம்ம அளவுதாம்மா!"

அவள் முகம் வெளிறிப்போனது. மேனேஜர் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ அண்ணே, உங்க வேலை போயிடக் கூடாதேன்னு மூணு நாளா நாங்க யாரும் சர்வரைத் தொடாம பென் டிரைவ்லதான் ஃபைலைக் கைமாத்திக்கிட்டிருக்கோம், ஏழு கிளைக்கு பென் டிரைவுக்கு நாங்க எங்க போறது?"